ஞானசவுந்தரியும் நானூற்று மூன்றும்

ஊர்காவற்றுறை நண்டுக் கம்பனியில் ஞானசவுந்தரிக்கு என்ன வேலை என்று கேட்டால், கம்பனியே சற்று யோசித்துத்தான் பதில் சொல்லும். சம்பளப் பட்டியலில் அவர் 'பதிவு உதவியாளர்'. யாருக்கு உதவி என்று கேட்கக்கூடாது. பதிவாளர் என்று ஒருவர் அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. வள்ளங்கள் கொண்டுவரும் நண்டை நிறுப்பதும், சினை நண்டைக் கண்டால் திருப்பிக் கடலில் விடச்சொல்லிச் சண்டை பிடிப்பதும், நண்டுச் சதை எடுக்கும் பெண்களின் வரவைக் குறிப்பதும், மின்சாரம் போனால் ஜெனரேற்றரைத் திட்டித் திட்டியே எழுப்புவதும் அவர்தான். கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிற அன்றைக்கு மட்டும் அவர் தேநீர் கொண்டுவருகிற அம்மா.

வயது ஐம்பத்திரண்டு. ஊர் எழுவைதீவு. பதினாறு வருடமாகக் காலை வள்ளத்தில் வந்து மாலை வள்ளத்தில் திரும்புகிறார். மாலையில் கடைசி வள்ளம் ஐந்து மணிக்கு. அதை விட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை, நீந்திப் போகலாம்.

சதை எடுக்கும் பெண்களில் ஐந்து பேர் எழுவைதீவுக்காரர். அவர்களுக்காகத்தான் என்று சொல்லி, நாலு வருடத்துக்கு முன் ஞானசவுந்தரி அலுவலகக் கொம்பியூட்டரின் மணிக்கூட்டை இருபது நிமிடம் முந்தி வைத்தார். கம்பனியில் வேறு மணிக்கூடு கிடையாது. திரையின் மூலையில் தெரியும் அந்த நேரத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் கையைக் கழுவுவார்கள். அது முந்தி ஓடுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும், தெரிந்தபடியால் எல்லாரும் இருபதைக் கழித்துத்தான் பார்ப்பார்கள். பிறகு எதற்கு முந்தி வைப்பான் என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். கடைசி வள்ளத்தை நம்பிச் சீவிப்பவர் கேட்கமாட்டார்கள். ஐந்து மணி என்று எழுத்தில் பார்த்தால் வயிற்றுக்குள் ஒரு பயம் வரும். கழித்துப் பார்க்கும் மூளைக்கு முன்னால் அந்தப் பயம் காலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நாலு வருடமாக ஒருவரும் வள்ளத்தை விடவில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குத்தான் கிளவுட் வந்தது.

கடல் கடந்து நண்டு வாங்குகிறவர்களுக்குத் திடீரென்று நண்டின் மேல் இரக்கம் பிறந்துவிட்டது. சினை நண்டும் சின்ன நண்டும் பிடிக்கப்படவில்லை என்று அவர்களுக்குச் சாட்சி வேண்டுமாம். ஆகவே ஒவ்வொரு வள்ளத்தின் நண்டையும் நாளாந்தம் வயிறு தெரியப் புரட்டிப் படம் எடுத்து, புதிய மென்பொருள் ஒன்றில் ஏற்ற வேண்டும். படங்கள் கிளவுட்டில், அதாவது எங்கேயோ ஒரு தேசத்தில் குளிரூட்டிய அறைக்குள், பத்திரமாக இருக்கும். தொடர்ந்து பன்னிரண்டு வேலைநாள் படம் ஏறாத வள்ளத்தை, பன்னிரண்டாம் நாள் பின்னேரம் நாலு மணிக்கு மென்பொருள் தானாகவே பட்டியலில் இருந்து வெட்டிவிடும். வெட்டினால் அடுத்த பருவம் வரை அந்த வள்ளத்தின் நண்டைக் கம்பனி தொடாது. எழுவைதீவில் இருந்து கம்பனிக்கு வரும் வள்ளங்கள் பதினாலு. அதில் ஒன்று ஞானசவுந்தரியின் கணவர் இன்னாசித்தம்பியுடையது.

படத்தைக் கம்பனிக் கொம்பியூட்டரில் இருந்துதான் ஏற்றலாம். கம்பனிக் கொம்பியூட்டரோ கொழும்புத் தலைமை அலுவலகத்தின் புரொக்சி வழியாகத்தான் வெளியுலகத்தைப் பார்க்கலாம். புரொக்சி என்பது கம்பனியின் ஒரே வாசல். ஊர்காவற்றுறையில் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்த நண்டின் படம் கொழும்புக்குப் போய், அந்த வாசலில் தன்னை அறிமுகப்படுத்தி, 'சரி போ' என்று வாங்கிக்கொண்டுதான் மேகத்துக்கு ஏற வேண்டும்.

முதல் நாள் பதினாலு வள்ளத்துக்கும் படம் எடுத்து, 'ஏற்று' என்ற பொத்தானை அழுத்தினார். சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டி வந்தது. நானூற்று மூன்று, அனுமதி மறுக்கப்பட்டது. திரும்ப அழுத்தினார். திரும்பவும் நானூற்று மூன்று. கொம்பியூட்டர் ஒரு விஷயத்தில் நேர்மையானது, எத்தனை தரம் கேட்டாலும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

தலைமை அலுவலக உதவிப் பிரிவில் துஷ்யந்தன் என்றொரு பிள்ளை இருந்தான். தொலைபேசியில் மட்டும் தெரிந்த பிள்ளை. மரியாதையான குரல்.

"அக்கா, கொம்பியூட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாத்தனீங்களோ?"

"பாத்தனான் தம்பி."

"பழைய தற்காலிகக் கோப்பெல்லாம் அழிச்சுப் பாத்தனீங்களோ?"

"நேற்று நீங்கள் சொல்லி அழிச்சனான். என்ரை பழைய கடிதங்களும் சேர்ந்து அழிஞ்சு போச்சு. படம் மட்டும் ஏறேல்லை."

"நானூற்று மூண்டு எண்டால் அது எங்கடை புரொக்சிதான் அக்கா. வேறை ஒண்டும் இருக்க ஏலாது. நான் பாத்துத் திறந்து விடுறன்."

புரொக்சியைத் திறப்பது அவ்வளவு லேசான காரியமா? படம் ஏற்றும் தளங்கள் எல்லாம் அதன் புத்தகத்தில் 'பொழுதுபோக்கு' என்ற தலைப்பின் கீழ் இருந்தன. வேலை நேரத்தில் ஊழியர் பொழுதுபோக்குவதைத் தடுக்கத்தான் புரொக்சியை வாங்கியிருந்தார்கள். விலக்கு வேண்டுமானால் காரணம் எழுதிப் பிரிவுத் தலைவரின் கையொப்பத்துடன் அனுப்ப வேண்டும். ஊர்காவற்றுறைக் கிளையின் பிரிவுத் தலைவர் யார் என்று தேடிப் பார்த்ததில், அந்தக் கதிரை ஆறு வருடமாக வெறுமையாக இருப்பது தெரியவந்தது. ஞானசவுந்தரியே எழுதிக் கையொப்பமும் வைத்தார்: 'நண்டின் வயிற்றைப் பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' மூன்று நாள் கழித்து விலக்குக் கிடைத்தது. நானூற்று மூன்று அதே சிவப்பில் வந்து நின்றது.

ஆறாம் நாள் அவர் ஒரு குற்றம் செய்தார். சதை எடுக்கும் எழுவைதீவுப் பெண்களில் ஒருத்தியான ஜெயந்தாவின் கைத்தொலைபேசியில் இருந்து இணையத்தை எடுத்து, கம்பனிக் கொம்பியூட்டருக்குக் கொடுத்து, புரொக்சியைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார். கம்பனிச் சட்டப்படி இது வேலை போகிற காரியம். கதவைச் சாத்திவிட்டு அழுத்தினார். நானூற்று மூன்று. வாசலே இல்லாத வழியிலும் வாசல்காரன் நின்று மறிக்கிறான் என்றால் மறிப்பது வாசல்காரன் இல்லை என்று அவருக்கு அப்போதே விளங்கியிருக்கலாம். துஷ்யந்தனுக்குச் சொல்லியிருந்தால் அவனுக்காவது விளங்கியிருக்கும். ஆனால் சொன்னால் குற்றத்தையும் சொல்ல வேண்டும். ஆகவே ஜெயந்தாவின் தொலைபேசியும் கொழும்பின் பக்கம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு அவர் பேசாமல் இருந்துவிட்டார்.

இடையில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து கோயில் வாசலில் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் பஸ்ரியாம்பிள்ளை அவரை மறித்தார்.

"பிள்ளை, உந்தப் படங்களைப் பென் டிரைவிலை போட்டு யாழ்ப்பாணத்திலை கொழும்பு பஸ் கொண்டக்டரிட்டைக் குடுத்து விட்டால் என்ன? கலியாணக் கார்டே அப்பிடித்தானே போகுது."

நல்ல யோசனைதான். தலைமை அலுவலகத்தைக் கேட்டுப் பார்த்தார். பென் டிரைவ் கொண்டுவருவது தகவல் பாதுகாப்புக் கொள்கைக்கு மாறானது என்று பதில் வந்தது. அன்றிலிருந்து எழுவைதீவு முழுவதும் ஒரே பேச்சு. கொழும்பு வேண்டுமென்றுதான் செய்கிறது, எங்கள் வள்ளங்களை வெட்டத்தான் இந்தப் புரொக்சியைக் கண்டுபிடித்தார்கள், ஞானசவுந்தரி ஒருத்தியாக நின்று கொழும்போடு மல்லுக்கட்டுகிறாள். வீட்டில் இன்னாசித்தம்பியும் சோற்றுக்கு முன்னால் இருந்து கொழும்பைத் திட்டினார். ஞானசவுந்தரிக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பதினாறு வருடம் தேநீர் கொடுத்த கைக்கு ஒரு சண்டை கிடைத்திருந்தது. ஆனால் இரவில் பாயில் படுத்தால் பதினாலு வள்ளமும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். முதலாவதாகத் தன் புருஷனுடையது நிற்கும்.

பன்னிரண்டாம் நாள் விடிந்தது. மத்தியானத்துக்கு முன்பே அவர் ஏழு தரம் கொழும்புக்கு எடுத்துவிட்டார். இன்னும் இருந்தது நாலு மணி வரைதான். துஷ்யந்தனின் குரலில் மரியாதை மட்டும் மிச்சம் இருந்தது.

"அக்கா, கடைசியா ஒண்டு செய்வம். அந்தச் சிவப்புப் பெட்டி வந்த உடனை முழுத் திரையையும் படமெடுத்து எனக்கு மெயில் பண்ணுங்கோ. புரொக்சிக் கம்பனிக்காரரிட்டையே காட்டுறன்."

அனுப்பினார். அவன் திறந்து பார்த்தான்.

"அக்கா."

"சொல்லுங்கோ தம்பி."

"இப்ப நேரம் ரெண்டு இருபத்தொண்டு. உங்கடை படத்திலை மூலையிலை ரெண்டு நாற்பத்தொண்டு எண்டு கிடக்கு. இந்தப் படம் இன்னும் எடுக்கப்படேல்லை அக்கா."

"அது கொம்பியூட்டர் நேரம் தம்பி. இருபதைக் கழிச்சுப் பாருங்கோ."

"ஏன் கழிக்கோணும்?"

"நாங்கள் கழிச்சுத்தான் பாக்கிறது. வள்ளத்துக்காக முந்தி வைச்சது."

அவன் பெருமூச்சு விட்டது முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் தாண்டிக் கேட்டது. பிறகு விளங்கப்படுத்தினான். ஒவ்வொரு படத்தோடும் கொம்பியூட்டர் தன் நேரத்தையும் எழுதி அனுப்புமாம். கிளவுட் தன் மணிக்கூட்டோடு ஒத்துப் பார்க்குமாம். கால் மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், இது யாரோ கள்ளன் என்று நினைத்து, நானூற்று மூன்று என்று முகத்தில் அடிக்குமாம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்றால் பொறுத்துக்கொள்ளும். இருபதைப் பொறுக்காது.

பதினொரு நாளாகப் பாவம் அந்தப் புரொக்சி ஒரு குற்றமும் செய்யவில்லை. அது படங்களை ஒழுங்காகத்தான் வழியனுப்பி வைத்திருந்தது.

"மணிக்கூட்டைச் சரியாக்குங்கோ அக்கா. 'தானாக நேரம் எடு' எண்டதிலை ஒரு சரி போடுங்கோ. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஆனால் ஞானசவுந்தரியின் விரல் எலிக்குட்டி போன்ற அந்தச் சாமானின் மேல் அசையாமல் கிடந்தது.

அந்தச் சரியை எடுத்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பெண்களுக்காக என்று ஊருக்குச் சொன்னது பாதி உண்மைதான். நாலு வருடத்துக்கு முன் ஒரு மாலை, மாதக் கணக்கில் இன்னுமொரு பக்கம் வேண்டும் என்று கொழும்பு கேட்டது. கொடுத்துவிட்டு ஓடினார். துறையில் போய் நின்றபோது வள்ளத்தின் பின்பக்கம் தெரிந்தது. மூன்று நிமிடம். அன்றைக்குத்தான் இன்னாசித்தம்பிக்கு இடது காலில் திருக்கை முள் ஏறியிருந்தது. காற்று எழும்பியிருந்தபடியால் வேறு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. அவர் அக்கரையில் காய்ச்சலில் கிடக்க, இவர் இக்கரையில் கரம்பொன்னில் ஒரு சொந்தக்காரி வீட்டில் விடியும்வரை குந்திக்கொண்டிருந்தார். கால் பிழைத்துவிட்டது, நடையில் ஒரு சின்னச் சாய்வு மட்டும் நின்றுவிட்டது. 'ஏன் வரேல்லை' என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஞானசவுந்தரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கேட்காதபடியால் அந்த மூன்று நிமிடம் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து நோகிறது. பிறகு வேலைக்குத் திரும்பிய அன்றைக்கு அவர் செய்த முதல் வேலை, பிரின்ரர் திருத்த வந்தவனைக் கேட்டு அந்தச் சரியை எடுத்து நேரத்தை முந்தித் தள்ளியதுதான்.

"அக்கா, நிக்கிறீங்களோ? நேரம் போகுது."

சரியைப் போட்டார். மூலையில் நேரம் ஒரு துள்ளுத் துள்ளி இருபது நிமிடம் பின்னால் போய் விழுந்தது.

'ஏற்று' என்றதை அழுத்தினார். பச்சை.

பதினாலு வள்ளம், வள்ளத்துக்குப் பதினொரு நாள் படம். ஊர்காவற்றுறை இணையத்தின் வேகம் தெரிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு வள்ளமாக ஏற்றினார். தன் புருஷனை முதலில் ஏற்றிவிட்டாள் என்று நாளைக்கு ஒரு வாய் சொல்லக்கூடாது என்று இன்னாசித்தம்பியின் வள்ளத்தைக் கடைசியில் வைத்தார். மூன்று ஐம்பத்தாறுக்குப் பதின்மூன்று வள்ளம் ஏறியிருந்தது. பதினாலாவது நடுவில் நின்று சுழன்றது, சுழன்றுகொண்டே இருந்தது. நேர்மையாக இருந்ததற்கு அவர் தன்னைத் தானே நல்ல தமிழில் திட்டிக்கொண்டார். அந்தோனியாரையும் லூர்து மாதாவையும் கூப்பிட்டார். மூன்று ஐம்பத்தொன்பதுக்குப் பச்சை வந்தது.

கம்பனியே கத்தியது. ஜெயந்தா நண்டு மணக்கிற கையோடு வந்து கட்டிப்பிடித்தாள். துஷ்யந்தன் தொலைபேசியில் சிரித்தான், பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, முறைப்பாட்டை மூடேக்கை காரணம் எழுதோணும். 'பயனர் பிழை' எண்டு போட்டால் உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். பதினொரு நாள் நான் புரொக்சியோடை மினக்கெட்டதுக்கு எனக்கும் ஒரு கடிதம் வரும்."

"அப்ப என்ன தம்பி செய்யிறது?"

"புரொக்சி எண்டு எழுதுறன்."

அப்படித்தான் எழுதினான். தலைமை அலுவலகப் பதிவில் இன்றைக்கும் குற்றவாளி புரொக்சிதான்.

தேநீர் போட்டார்கள். ஆளுக்கு இரண்டு பிஸ்கற். பேச்சும் சிரிப்பும். ஞானசவுந்தரி மூலையில் பார்த்தார், ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. வழக்கம்போல இருபதைக் கழித்தார். கிடக்குது நேரம். ஐந்து பெண்களும் பார்த்தார்கள், ஐந்து பேரும் கழித்தார்கள். ஆறுதலாகக் கையைக் கழுவி, ஆறுதலாகத் துறைக்குப் போனார்கள். வள்ளம் நின்ற இடத்தில் தண்ணீர் இருந்தது.

"அக்கா, நேரத்தைச் சரியாக்கினதை எங்களுக்குச் சொல்லேல்லையே!" என்றாள் ஜெயந்தா.

சொல்லவில்லைதான். தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

ஞானசவுந்தரி கல்லில் இருந்துவிட்டார். நாலு வருடம் கட்டிக் காத்தது ஒரு பின்னேரத்தில் போய்விட்டது. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். இன்னாசித்தம்பி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அங்கையே நில்லும், வாறன்" என்றார். பொழுது படுகிற நேரம் அவருடைய வள்ளம், மூன்று ஐம்பத்தொன்பதுக்குப் பட்டியலில் தப்பிய அதே வள்ளம், இரைந்துகொண்டு துறைக்குள் வந்தது.

பெண்கள் முன்பக்கம் ஏறி நடந்ததையெல்லாம் மாறி மாறிச் சொன்னார்கள். ஞானசவுந்தரி பின்பக்கம், இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்குப் பக்கத்தில் இருந்தார்.

"கடைசியிலை கொழும்பிலை என்னதான் பிழையாம்?" என்று இன்னாசித்தம்பி கேட்டார்.

புரொக்சி என்று சொல்லியிருக்கலாம். எழுத்திலும் அப்படித்தான் இருந்தது.

"பிழை என்னிலை. கொம்பியூட்டர் மணிக்கூட்டை நான் இருபது நிமிசம் முந்தி வைச்சிருந்தனான். அதாலைதான் படம் ஏறேல்லை."

"அது ஏன் முந்தி வைச்சனீர்?"

"உங்களுக்குத் திருக்கை குத்தின அண்டைக்கு நான் வள்ளத்தை விட்டிட்டன். மூண்டு நிமிசம். இனி ஒரு நாளும் விடக்கூடாது எண்டு வேலைக்குத் திரும்பின உடனையே தள்ளி வைச்சனான்."

இன்னாசித்தம்பி பலகையில் தூக்கி வைத்திருந்த தன் இடது காலைப் பார்த்தார்.

"அப்ப பதினொரு நாளா என்ரை வள்ளத்தை வெட்டப் பாத்தது கொழும்பில்லை. இந்தக் கால்."

ஞானசவுந்தரிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "அண்டைக்கு நான் வரேல்லை எண்டு உங்களுக்குக் கோபம் இல்லையோ?"

"நீர் வராதது நல்லதுக்குத்தான். நோவிலை நான் குழறின குழறலைக் கேட்டிருந்தால் இண்டைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பீர்."

மறுநாள் காலை அவர் வீட்டுச் சுவர் மணிக்கூட்டைக் கழற்றி, தான் உடுத்திக் கழித்த ஒரு பழைய சாரத்தில் சுற்றி, ஞானசவுந்தரியின் கையில் கொடுத்தார். "கொண்டுபோய் கம்பனியிலை மாட்டும். இதை ஒரு கிளவுட்டும் பாக்காது."

வள்ளத்தில் ஏறிய பிறகுதான் ஞானசவுந்தரி சாரத்தை விலக்கிப் பார்த்தார். இன்னாசித்தம்பி முள்ளை ஏற்கெனவே தள்ளி வைத்திருந்தார். இருபது நிமிடம் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, அது அரை மணித்தியாலம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.